சாய்சதுரம் முடிவெடுப்பதில்லை: செயல்முறைப் படத்தில் தரவும் முடிவும் சேரும் இடம்

ஏதாவது ஒரு செயல்முறை வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். யார் வரைந்ததாக இருந்தாலும் சரி, நடுவில் எங்கேயாவது ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் மேல் ‘தகுதி உண்டா?’ என்று எழுதியிருக்கும். ‘ஆம்’ என்று ஒரு கோடு வலப்பக்கம் போகும், ‘இல்லை’ என்று இன்னொரு கோடு கீழே இறங்கும். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘தகுதி இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள், எதை வைத்துப் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள்?’ என்று கேளுங்கள். ஆளுக்கொரு பதில் வரும்.

செயல்முறைகளை வரைவதற்கான பிபிஎம்என் குறியீட்டு முறைப்படி அந்தச் சாய்சதுரம் எதையும் முடிவு செய்வதில்லை. அதன் பெயர் கேட்வே. ஏற்கெனவே எடுத்து முடித்த முடிவின் விடையைப் பார்த்து, வேலையை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று திருப்பிவிடுவதோடு அதன் பொறுப்பு தீர்ந்தது. முடிவெடுக்கும் வேலை அதற்கு முந்தைய கட்டத்திலேயே நடந்திருக்க வேண்டும். அந்த வேலைக்கு வேண்டிய தரவு அதற்கும் முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். நடைமுறையில் நாம் இந்த இரண்டையும் படத்தில் காட்டாமல் சாய்சதுரத்தின் தலையில் கட்டிவிடுகிறோம். செயல்முறை மென்பொருளுக்குள் தரவையும் முடிவையும் கொண்டுவருவது பற்றி எவ்வளவோ பேசப்படுகிறது. என்னைக் கேட்டால், அத்தனையும் இந்த ஒரு இடத்தைச் சரிசெய்யும் வேலைதான்.

எங்கே பிரிந்தது?

தரவும் செயல்முறையும் எப்போதும் இப்படித் தனித்தனியாக இருந்துவிடவில்லை. ஜெர்மனியின் ஸார்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆகஸ்ட்-வில்ஹெல்ம் ஷேர் உருவாக்கிய ஏரிஸ் என்ற செயல்முறை வரையும் முறையில், 1990களிலேயே தரவுக்கென்று தனிப் பார்வை இருந்தது. ஒவ்வொரு செயலும் எந்தத் தரவை வாசிக்கிறது, எதை எழுதுகிறது என்பதை அந்தச் செயலோடு இணைத்தே காட்ட முடிந்தது.

அப்புறம் 2004இல் பிபிஎம்என் வந்தது. வேலைகளின் வரிசையை, அலுவலகப் பணியாளர் முதல் நிரலாளர் வரை யார் பார்த்தாலும் புரியும்படி காட்டுவது அதன் நோக்கம். அதில் அது நன்றாகவே வென்றது. ஆனால் முதல் பதிப்புகளில் முனை மடித்த தாள் போன்ற தரவுச் சின்னம் வெறும் குறிப்புதான். அதை அழித்துவிட்டாலும் செயல்முறை அதேபோல ஓடும். மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு 2011 ஜனவரியில் வெளியிட்ட 2.0 பதிப்பில்தான் தரவுக்கு ஓட்டத்தில் உண்மையான பங்கு கிடைத்தது. விதிகளைத் தனியாக வைத்து அழைப்பதற்கென்று ‘பிசினஸ் ரூல் டாஸ்க்’ என்ற கட்டமும் அதில்தான் சேர்ந்தது. அதே ஆவணம் தன் எல்லையையும் சொல்லிவிடுகிறது: தரவு மாதிரிகளும் வணிக விதி மாதிரிகளும் இதில் அடங்காது. நேர்மையான அறிவிப்பு. ஆனால் பலர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எல்லாம் இந்தப் படத்துக்குள்ளேயே அடங்கும் என்று நம்பி, விதி முழுவதையும் கோடுகளின் மேல் நிபந்தனையாக எழுதி நிரப்புகிறார்கள்.

அந்தக் காலி இடத்தை நிரப்ப, அதே ஓஎம்ஜி 2015இல் டிஎம்என் என்ற முடிவு மாதிரிக் குறியீட்டை வெளியிட்டது. அதன் மையத்தில் இருக்கும் முடிவு அட்டவணை புதிய சரக்கு அல்ல. கோபால் (COBOL) நிரல்மொழியைத் தந்த கோடாசில் குழுவே 1962இல் டீடேப்-எக்ஸ் என்ற அட்டவணை முறையை முன்வைத்தது. டிஎம்என் செய்த நல்ல காரியம், அந்த அட்டவணைக்கு மேலே ஒரு தேவைப் படத்தை வைத்ததுதான். முடிவுக்கு ஒரு செவ்வகம், உள்ளீட்டுத் தரவுக்கு இரு பக்கமும் வளைந்த வடிவம், அதற்கு ஆதாரமான சட்டத்துக்கோ கொள்கைக்கோ அடிப்பக்கம் அலைபோல் இருக்கும் தாள் வடிவம். இந்த முடிவுக்கு இந்தத் தரவு வேண்டும், அந்தத் துணை முடிவும் வேண்டும் என்று அம்புகள் சொல்லும். வரிசை பற்றி அந்தப் படம் வாய் திறக்காது. வரிசை பிபிஎம்என்னின் பொறுப்பு, காரணம் டிஎம்என்னின் பொறுப்பு.

ஒரு திருப்பி அனுப்பும் கோரிக்கை

பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்ப வாடிக்கையாளர் கோருகிறார். நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரலாம், வேறு பொருள் தரலாம், பழுதுபார்த்துத் தரலாம், மறுக்கவும் செய்யலாம். பழைய பாணியில் இதை வரைந்தால் ‘30 நாளுக்குள்ளா?’, ‘சீல் உடைந்ததா?’, ‘குறைபாடா?’, ‘தவறான பொருளா?’ என்று நான்கு சாய்சதுரங்கள் சங்கிலிபோல வரும். நான்கு கேள்விக்கு ஆம், இல்லை என்று வைத்தாலே 16 சேர்க்கைகள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். விதி மாறும்போதெல்லாம் படத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

இதையே அட்டவணையாக எழுதுவோம். உள்ளீடுகள் மூன்று: கடந்த நாட்கள், காரணம், பொருளின் நிலை. முதல் வரி: காரணம் ‘தவறான பொருள் வந்தது’ என்றால், மற்ற இரண்டு கட்டங்களிலும் சிறு கோடு, எதுவாக இருந்தாலும் முழுப் பணம். இரண்டாவது: 30 நாளுக்குள், காரணம் ‘மனம் மாறியது’, சீல் உடையவில்லை, முழுப் பணம். மூன்றாவது: அதே 30 நாள், அதே காரணம், சீல் உடைந்தது, வேறு பொருள். நான்காவது: 30 நாளுக்கு மேல், குறைபாடு, பழுதுபார்ப்பு. ஐந்தாவது: 30 நாளுக்கு மேல், மனம் மாறியது, மறுப்பு.

இப்போது கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். 30 நாளுக்குள் குறைபாடு என்று ஒருவர் வந்தால் என்ன செய்வது? ஐந்து வரியிலும் அதற்கு இடமில்லை. ஆகச் சாதாரணமாக வரக்கூடிய கோரிக்கை அதுதான், அதுவே விட்டுப்போயிருக்கிறது. சாய்சதுரச் சங்கிலியில் இந்த ஓட்டை கண்ணில் படாது. ஏதோ ஒரு ‘இல்லை’ கோடு அதை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும். அட்டவணையில் அது வெற்றிடமாகத் தெரிகிறது.

மனிதக் கண் தவறவிட்டாலும் மென்பொருளால் இதைக் கண்டுபிடிக்க முடியும். டியகோ கால்வனேசே, மார்லன் டூமாஸ் முதலானோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் பல பரிமாணச் செவ்வகமாகப் பார்க்கிறது. உள்ளீடு ஒவ்வொன்றும் ஒரு பரிமாணம். இரண்டு செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் விதிகள் மோதுகின்றன. யாரும் மூடாத இடம் இருந்தால் விதி விட்டுப்போயிருக்கிறது. அழகான யோசனை. நீங்கள் வாங்கப்போகும் மென்பொருளில் இந்தச் சோதனை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

அட்டவணையின் மூலையில் ஓர் எழுத்து இருக்கும். ஹிட் பாலிசி என்பார்கள்: ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் பொருந்தினால் என்ன செய்வது என்ற ஏற்பாடு. ஒரே ஒரு வரிதான் பொருந்த வேண்டும் என்பது ‘யுனீக்’. மேலிருந்து முதலில் பொருந்தும் வரியை எடு என்பது ‘ஃபர்ஸ்ட்’. பொருந்தியதையெல்லாம் சேர்த்துக்கொள் என்பது ‘கலெக்ட்’. இன்னும் சில உண்டு. நிரலாளர்களுக்கு ஃபர்ஸ்ட் பிடிக்கும், பழகிய இஃப்-எல்ஸ் மாதிரியே இருப்பதால். நான் முடிந்தவரை யுனீக் பக்கம்தான். ஃபர்ஸ்ட் வைத்தால் ஏழாவது வரியின் பொருள் அதற்கு மேலுள்ள ஆறு வரிகளையும் சார்ந்துவிடுகிறது. விதியைச் சரிபார்க்க வேண்டிய வணிகப் பிரிவுக்காரர் அந்த வரியைத் தனியாக வாசித்து ‘சரி’ என்று சொல்ல முடியாமல் போகிறது.

தரவு எந்த நேரத்துத் தரவு?

அட்டவணை சரி, படம் சரி, தரவும் சரி. ஆனாலும் விடை தப்பாக வரலாம். இந்த இணைப்பில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

நம் வாடிக்கையாளர் 28ஆம் நாள் கோரிக்கை வைக்கிறார், மனம் மாறிவிட்டது என்று. பொருள் கிடங்குக்கு வந்து சேர்வது 33ஆம் நாள். சீலைப் பார்க்க வேண்டும் என்பதால், வரைந்தவர் பிசினஸ் ரூல் டாஸ்க்கை ‘பொருள் வந்தது’ என்ற கட்டத்துக்குப் பிறகு வைத்திருக்கிறார். நியாயமான காரணம்தான். ‘கடந்த நாட்கள்’ என்ற உள்ளீட்டை, இன்றைய தேதியிலிருந்து பொருளை ஒப்படைத்த தேதியைக் கழித்து நிரப்பியிருக்கிறார் நிரலாளர். அதிலும் தவறு சொல்ல முடியாது. கணக்கு 33 என்று வருகிறது. ஐந்தாவது வரி பொருந்துகிறது. மறுப்புக் கடிதம் போகிறது. நேரத்தோடு கோரிக்கை வைத்த மனிதர் ஏமாற்றப்படுகிறார். யாருடைய வேலையிலும் தனியாகப் பிழை கிடையாது. பிழை இணைப்பில் இருக்கிறது.

இதற்கு மருந்து, தரவுக்குப் பெயர் வைக்கும்போதே அதன் நேரத்தையும் சேர்த்து வைப்பது. ‘கடந்த நாட்கள்’ என்று விடாமல் ‘கோரிக்கை வைத்த அன்று கடந்திருந்த நாட்கள்’ என்று எழுத வேண்டும். பெயர் நீளம்தான், இருக்கட்டும். பொருளின் நிலைக்கும் இதேதான். கோரிக்கைப் படிவத்தில் வாடிக்கையாளர் சொல்லும் நிலை ஒன்று, கிடங்கில் பிரித்துப் பார்த்தவர் எழுதும் நிலை இன்னொன்று. இரண்டையும் ஒரே புலத்தில் போட்டால் பிந்தியது முந்தியதை அழித்துவிடும்; அப்புறம் தகராறு வந்தால் யார் என்ன சொன்னார்கள் என்றே தெரியாது. பிபிஎம்என்னில் தரவுச் சின்னத்தின் பெயருக்குக் கீழே சதுர அடைப்புக்குள் நிலையைக் குறிக்க வசதி உண்டு. [சொன்னது], [பரிசோதித்தது] என்று இரண்டு தாள்களாகக் காட்டினால் போதும். அதிகம் பயன்படுத்தப்படாத வசதி அது, அதற்காகவே வருந்துகிறேன்.

நேரத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் இன்னொரு பலன் கிடைக்கும். முதல் வரியைத் திரும்பப் பாருங்கள். தவறான பொருள் வந்திருந்தால் நிலை என்ன என்று பார்க்கத் தேவையே இல்லை. அப்படியானால் அந்தக் கோரிக்கை கிடங்குப் பரிசோதனைக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? முடிவை இரண்டாகப் பிரிக்கலாம். கோரிக்கை வந்தவுடன், கையில் இருக்கும் தரவை வைத்தே தீர்க்கக்கூடியவற்றைத் தீர்த்துவிடலாம். மிச்சத்தை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பலாம். பரிசோதனை என்பது ஆளும் நேரமும் செலவாகும் தரவு. விதிக்குத் தேவைப்படும்போது மட்டும் அதைத் தேடிப் போக வேண்டும்.

இந்தச் சிந்தனையை அதன் எல்லைவரை கொண்டுபோனவர்கள் உண்டு. ஹாயோ ரெயர்ஸும் அவருடைய சகாக்களும் 2003இல் எழுதிய ஆய்வில், தொழிற்சாலையில் உதிரிபாகப் பட்டியலிலிருந்து உற்பத்தியைத் திட்டமிடுவதுபோல, இறுதி முடிவுக்கு என்னென்ன தரவு வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிப் போய்ச் செயல்முறையையே வடிவமைத்தார்கள். அதே ஆண்டில் ஐபிஎம்மின் நிகமும் காஸ்வெல்லும், வேலைகளை விட்டுவிட்டு வணிகப் பொருளின் வாழ்க்கைச் சுழற்சியை மையமாக வைத்து மாதிரி அமைக்கும் முறையை முன்வைத்தார்கள். முழுக்க அப்படிச் செய்வது எல்லா இடத்திலும் சாத்தியமில்லை. ஆனால் வரைய உட்காரும்போது ‘அடுத்து என்ன வேலை?’ என்பதோடு ‘இந்த விடைக்கு என்ன தெரிய வேண்டும், அது முதன்முதலில் எங்கே தெரியவரும்?’ என்றும் கேட்டால் படம் வேறு மாதிரி வரும்.

நகலா, நேரடி வாசிப்பா என்ற கேள்வியும் இதில் சேர்ந்ததுதான். செயல்முறை தொடங்கும்போது வாடிக்கையாளர் விவரங்களை மாறிகளாக நகலெடுத்து வைத்துக்கொள்வது பல மென்பொருள்களில் வழக்கம். செயல்முறை மூன்று வாரம் ஓடினால் நகல் மூன்று வாரப் பழசு. வாங்கியபோது கொடுத்த விலை நகலாகத்தான் இருக்க வேண்டும். அது அன்றைய வாக்கு. பணம் போடவேண்டிய வங்கிக் கணக்கு எண் பணம் போடும் நொடியில் வாசித்ததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தரவுக்கும் இதைத் தனித்தனியாகத் தீர்மானித்தே ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு அமைப்பை வைத்துவிட்டு நகர்ந்தால் பிறகு அவதிதான்.

இல்லாத தரவு, மாறும் விதி

டிஎம்என்னில் நிபந்தனைகளை எழுதும் மொழிக்கு ஃபீல் என்று பெயர். பார்க்க எளிமையாக இருக்கும்: [0..30] என்று எழுதினால் 0 முதல் 30 வரை, இரண்டு முனைகளும் அடக்கம். ஒரு வரியில் 30க்குக் குறைவு, இன்னொன்றில் 30க்கு மேல் என்று எழுதிவிட்டு 30ஆம் நாளையே மறந்துவிடுவது நிறைய நடக்கிறது. அதைவிட ஆபத்தானது வெற்று மதிப்பு. ஒப்படைத்த தேதியே பதிவாகாமல் இருந்தால் கழித்தலின் விடையும் வெற்றுதான், ‘நல்’ (null) என்பார்கள். நல்லை 30உடன் ஒப்பிட்டால் ஃபீலில் கிடைப்பது ஆமும் கிடையாது, இல்லையும் கிடையாது, மறுபடியும் நல்தான். நாட்களைக் கேட்கும் எந்த வரியும் பொருந்தாது. அட்டவணை வெறுங்கையோடு திரும்பும். அடுத்துள்ள சாய்சதுரத்தில் எந்த நிபந்தனையும் பொருந்தாமல், பொதுவழியும் (எதுவும் பொருந்தாவிட்டால் போகும் கோடு) குறிக்கப்படாமல் இருந்தால், செயல்முறையை ஓட்டும் மென்பொருளான இயந்திரம் பிழை காட்டி நிற்கும். அது நல்லது, யாராவது வந்து பார்ப்பார்கள். ‘மறுப்பு’ பொதுவழியாகக் குறிக்கப்பட்டிருந்தால்? தேதி பதியாத குற்றத்துக்கு வாடிக்கையாளர் தண்டிக்கப்படுவார், சத்தமே இல்லாமல். ஆகவே பொதுவழி எப்போதும் ஒரு மனிதரின் மேசைக்குப் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

விதி மாறும் நாளும் இப்படித்தான். முடிவைப் படத்திலிருந்து பிரித்ததன் பெரிய ஆதாயமே, 30 நாள் 15 ஆனால் அட்டவணையில் அந்த எண்ணை மட்டும் மாற்றினால் போதும் என்பதுதான். ஆனால் மாற்றிய அன்று பாதியில் நிற்கும் கோரிக்கைகளின் கதி? 20ஆம் நாள் வந்து பரிசோதனைக்குக் காத்திருப்பவருக்குப் பழைய விதியா புதியதா? புதிய பதிப்பை எடுத்துக்கொள், தொடங்கியபோது இருந்த பதிப்போடு நில் என்று இரண்டுக்கும் அமைப்புகள் உள்ள இயந்திரங்கள் உண்டு. எதைத் தேர்ந்தாலும் அது வணிகத்தின் முடிவாக இருக்க வேண்டும். நிறுவும் திரையில் முன்னிருப்பாக இருந்த தேர்வு அதைத் தீர்மானித்துவிடக் கூடாது.

இயந்திரக் கற்றல் பற்றி ஒரு வார்த்தை. டிஎம்என்னில், பிஎம்எம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவில் உள்ள கணிப்பு மாதிரிகளை வெளியிலிருந்து அழைக்க இடம் உண்டு. மோசடி வாய்ப்பு எவ்வளவு என்று மாதிரி ஒரு மதிப்பெண் தரட்டும். அது அட்டவணைக்கு இன்னொரு உள்ளீடாக வரட்டும். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் என்ன செய்வது என்பது வாசிக்கக்கூடிய வரியாக அட்டவணையில் இருக்கட்டும். கணிப்பையும் முடிவையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால், மறுக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல யாராலும் முடியாது.

பதிவேடு என்ன சொல்கிறது?

செயல்முறை ஓடிய தடத்தைப் படிக்கும் கலை, அதாவது விம் வான் டெர் ஆல்ஸ்ட் போன்ற ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த செயல்முறை அகழ்வு, இந்த இணைப்புக்குக் கண்ணாடி பிடிக்கிறது. அடிப்படையில் அதற்கு வேண்டியது மூன்றுதான்: எந்தக் கோரிக்கை, என்ன வேலை, எந்த நேரம். அதோடு தரவுப் புலங்களையும் சேர்த்துப் பதிந்துவைத்தால், முடிவுகளையும் திரும்ப அகழ்ந்தெடுக்கலாம். அன்னே ரோசினாட்டும் ஆல்ஸ்ட்டும் 2006லேயே இதைச் செய்து காட்டினார்கள்: பாதை பிரியும் இடங்களில் எந்தத் தரவு எப்படி இருந்தபோது எந்தப் பக்கம் போனார்கள் என்று பதிவேட்டிலிருந்தே முடிவு மரத்தைக் கற்றுக்கொள்வது. அந்த மரத்தை அட்டவணையின் அருகில் வைத்தால், எழுதிய விதியும் நடந்த விதியும் எங்கே விலகுகின்றன என்று தெரியும். விலகல் எல்லாமே ஊழியரின் தவறாக இருக்காது. பல நேரம் அட்டவணையில் விட்டுப்போன வரியை அவர் தினமும் தன் நிதானத்தால் நிரப்பிக்கொண்டிருப்பார்.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஒரே ஆர்டரில் மூன்று பொருள், இரண்டு பார்சல், ஒரே பணத்திருப்பம் என்றால் ‘எந்தக் கோரிக்கை’ என்பதற்கு ஒரு எண் போதாது. பல பொருள்களோடு ஒரு நிகழ்வை இணைத்துப் பதியும் ஓசெல் வடிவம் 2020இல் அதற்காகவே வந்தது.

முடிவு எடுக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் இயந்திரம் நான்கைப் பதிந்துவைக்க வேண்டும்: அட்டவணையின் பதிப்பு எண், பொருந்திய வரி, உள்ளீடுகளின் அப்போதைய மதிப்பு, ஒவ்வொரு மதிப்பும் எந்த நேரத்தில் எங்கிருந்து வந்தது என்பது. மறுப்புக் கடிதம் கிடைத்த நம் வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கிறார் என்று வையுங்கள். எதிர்முனையில் இருப்பவரின் திரையில் ‘ஐந்தாவது வரி, நாட்கள் 33, கிடங்குக்கு வந்த தேதியில் கணக்கிட்டது’ என்று இருக்கிறது. அதற்குச் சற்று மேலே, கோரிக்கை வந்த தேதியும் இருக்கிறது. வாடிக்கையாளர் பேசி முடிக்கும் முன்பே எதிர்முனையில் இருப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும்.